கருப்பட்டி ஓலையும் கரும்புத் தோகையும்

1

போன சனிக்கிழமை என் மருமகன் சரவணன் காரிலிருந்து ஒரு பெரிய பொதியை இறக்கிப் பின்பக்கம் கொண்டுவந்து போட்டார். பிளாஸ்டிக் பையில் இறுக்கி அடைத்த சருகு. காசு கொடுத்துச் சருகு வாங்கும் ஊரில் இருக்கிறேன் என்று எழுதினால் திருவொற்றியூரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் வந்த புதிதில் சிரித்தவள்தான். இந்த மெல்பர்னில் வைக்கோலுக்கும் விலை உண்டு, மரப்பட்டைக்கும் விலை உண்டு, மாட்டுச் சாணத்துக்கு அதைவிடக் கூடுதல் விலை.

செடியின் காலடியில் மண் தெரியாதபடி சருகையோ தழையையோ பரப்பி வைப்பதை மூடாக்கு என்பார்கள். வெயில் மண்ணில் நேராக அடிக்காது, ஊற்றிய தண்ணீரும் சீக்கிரம் காயாது. இங்கே மழை பொய்த்துப் போய் தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து ஆளாளுக்கு மூடாக்கு போடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய் என்று நான் ஒரு சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் சரவணன் வாங்கி வந்தார். நல்ல பிள்ளை, கேட்காமலே செய்வார்.

கத்தியால் பையைக் கீறினேன். குப்பென்று ஒரு இனிப்பு வாசனை வந்தது. பையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பேத்தி கவியைப் படிக்கச் சொன்னேன். எட்டு வயது. தமிழில் பேசுவாள், ஆனால் மரியாதையையும் உரிமையையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பிவிடுவாள்.

“அம்மாச்சி, நீங்க இங்க வா. இது சுகர்கேன்.”

கரும்புத் தோகை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையின் வாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினேன்.

“ஏம்மா கட்டற? இங்க எல்லாரும் இதத்தான் போடறாங்க” என்றாள் மகள் மலர்.

“போடட்டும். எறும்பு வந்தா அவங்களா வந்து பதில் சொல்லுவாங்க?”

மகளும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பார்வை இப்போதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது.

2

மறுநாள் பொதியை மாற்றிக்கொண்டு வரலாம் என்று சரவணனோடு கடைக்குப் போனேன். அவர் வண்டியை நிறுத்தப் போன நேரத்தில் கடைக்காரப் பையனிடம் நானே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எறும்பு வருமா என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டி, சிரித்து, என் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் எறும்பு மருந்து இருக்கும் அலமாரியின் முன்னால் நிறுத்தினான். ஒரு டப்பாவை எடுத்துக் கையிலும் கொடுத்தான். நான் கேட்டது ஒன்று, அவன் கொடுத்தது ஒன்று. சரவணன் வந்து பார்க்கும்போது கையில் விஷ டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். மாற்றவும் இல்லை, ஒன்றும் இல்லை. பொதி திரும்ப வீட்டுக்கே வந்தது.

தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரசபை வீட்டுக்கு வீடு ஒரு தாள் போட்டிருக்கிறது. ஒற்றைப்படை எண் வீடுகளுக்கு ஒரு நாள், இரட்டைப்படை எண் வீடுகளுக்கு மறுநாள், அதுவும் விடியற்காலையில்தான் செடிக்குத் தண்ணீர். மீறினால் பக்கத்து வீட்டுக்காரரே போன் போட்டுச் சொல்லிவிடுவார். சொன்னால் தப்பு இல்லை, அது நல்ல குடிமகனின் வேலை என்று நினைக்கிறார்கள். நம்மூரில் குழாயடியில் குடத்தை உருட்டிவிட்டுச் சண்டை போடுவோம், அதோடு தீர்ந்தது. இங்கே சிரித்துக்கொண்டே ஹலோ சொல்லிவிட்டு உள்ளே போய் போனை எடுப்பார்கள்.

ஆனால் இந்த வாரம் என் மனசில் கிடப்பது எறும்போ தண்ணீரோ மட்டுமல்ல. சரவணனுக்குப் பெர்த்தில் புது வேலை கிடைத்திருக்கிறது. இந்த நாட்டுக்குள்ளேயே அது வேறு கடலோரம், விமானத்தில் போக வேண்டிய தூரம். அவர் மட்டும் போய் ஒரு அறை எடுத்துத் தங்குவது, மலரும் கவியும் இங்கேயே இருப்பது, அவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து போவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மலருக்கு இங்கே வேலை, கவிக்குப் பள்ளிக்கூடம். எனக்குப் புரியக்கூடாது என்று நினைக்கும் விஷயத்தைச் சாப்பாட்டு மேஜையில் இங்கிலீஷில் பேசுவார்கள். எனக்கு அந்த அளவுக்குப் புரியும். அப்போதெல்லாம் நான் கவிக்குச் சாதம் பிசைந்துகொண்டிருப்பேன்.

மகள் வீட்டில் இருக்கிறேன். அவர்கள் வாழ்க்கை, அவர்கள் கணக்கு. நான் என்ன சொல்ல? இப்படி நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தக் கரும்பு வாசனைதான் சும்மா இருக்க விடவில்லை.

3

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் திருவொற்றியூருக்குப் போனபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. உடன்குடிப் பக்கம் பிறந்தவள். மாப்பிள்ளைக்கு ராயபுரத்தில் கருப்பட்டிக் கடை. எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் பட்டணத்தில் கடையோடு கிடப்பார்கள், அங்கேயே பொங்கி அங்கேயே படுப்பார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் மாமியாரோடு இருப்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை அவர்கள் வந்து போனால் உண்டு. குழந்தைகள் அப்பாவைப் பார்த்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். என் அம்மா அப்படித்தான் வாழ்ந்தாள். என் அப்பாவின் முகம் எனக்குப் பாதிதான் ஞாபகம்.

எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. பட்டணம் பார்த்துவிட்டு வரட்டும் என்று கல்யாணமான புதிதில் என்னைக் கொஞ்ச நாளைக்கு அனுப்பி வைத்தார்கள். திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார் அவர். காலையில் சைக்கிளில் ராயபுரம் போவார், இருட்டியபின் கருப்பட்டி வாசனையோடு வருவார். நான் சூடாகச் சோறு போடுவேன். அவ்வளவுதான். அதற்கே அந்த மனுஷர் முகம் அப்படி மலரும். பிரிந்திருப்பதில் ஒரு பெருமையும் இல்லை என்பது அந்தச் சில மாதங்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பங்குனி பிறந்ததும் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“ஏளா தங்கம், ஆனி மாசம் அண்ணன் வாராவ. ஒன்னக் கூட்டிட்டுப் போயிருவாவ.”

“நான் போவலன்னா?”

“இங்க என்ன இருக்கு? நல்ல தண்ணி உண்டா? ஒரு கத்தரிக்காவும் காசு குடுத்தாத்தான். இந்த மணல்ல ஒரு மொளகாச் செடி நிக்குமா? அண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

“நின்னா?”

அவர் சிரித்துவிட்டார். “அக்னி நட்சத்திரம் முடியட்டும். அப்பமும் செடி நின்னுச்சுன்னா நானே அண்ணன்கிட்ட பேசுதேன்.”

விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே பின்பக்க மணலில் கத்தரி, வெண்டை, மிளகாய் நட்டேன்.

4

வீட்டுக் கிணற்று நீர் உவர்ப்பு. கடற்கரை மணலில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். அங்கிருந்து இடுப்பில் சுமந்து வந்து ஊற்றினால் மணல் ஒரே மடக்கில் குடித்துவிடும். மத்தியானத்துக்குள் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். எங்கள் ஊர்ச் செம்மணல் காட்டிலும் இதே கதைதான். அங்கே கன்றைச் சுற்றிப் பனையோலையைப் பரப்பி வைப்போம். ஓலைக்கு இங்கே எங்கே போவது என்று யோசித்தேன். பிறகுதான் பொறி தட்டியது. கருப்பட்டி எல்லாம் தெற்கே இருந்து பனையோலைச் சிப்பமாகத்தானே கட்டி வருகிறது. பிரித்த ஓலை கடையின் பின்னால் மலையாகக் கிடக்கிறது.

அவரிடம் சொல்லி சைக்கிளில் கட்டுக் கட்டாகக் கொண்டுவரச் செய்தேன். செடிகளின் காலடியில் மணல் தெரியாமல் பரப்பினேன். ஊரில் செய்தது போலவே செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்து பார்த்தால் எறும்பு. செவ்வெறும்பு ஒரு பக்கம், கட்டெறும்பு ஒரு பக்கம். கடல் பக்கம் இருந்து ஒரு வரிசை, கிணற்றுப் பக்கம் இருந்து ஒரு வரிசை. நாலு நாளில் வெண்டைத் துளிரில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. எறும்பு அங்கிருந்து சமையல் கட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

பக்கத்துச் சந்தில் கன்னியம்மா இருந்தாள். மீன்காரி. குப்பத்தில் பிறந்தவள், புருஷன் கடலுக்குப் போகிறவன். கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

“இன்னாம்மே தங்கம், எறும்புக்குப் பந்தல் போட்டு விருந்து வெச்சுகினு கீற?”

“எங்கூர்ல இப்படித்தான் ஓலை போடுவோம், அக்கா.”

“அத்த மோந்து பாத்தியா நீ? வெல்லம் கணக்கா கீது. கருப்பட்டிய கொட்டி வெச்சுட்டு வராதேன்னா எறும்பு இன்னா பண்ணும்?”

குனிந்து மோந்து பார்த்தேன். கருப்பட்டி உருகி ஓலைக்குள் ஊறியிருந்தது. எங்கள் வீட்டில் எல்லாமே அந்த வாசனையாக இருந்ததால் என் மூக்குக்கு அது வாசனையாகவே படவில்லை. கருப்பட்டிக் கடைக்காரன் பெண்டாட்டி அல்லாமல் வேறு யார் இந்தப் பிசகைச் செய்வார்கள், சொல்லுங்கள்.

“வூட்ல கருவாடு காய வெச்ச பழைய பாயி கீது. இட்டாந்து தரேன். அத்தப் போடு. எறும்பு இன்னா, எறும்போட பாட்டன்கூட இந்தாண்ட வரமாட்டான்” என்றாள் கன்னியம்மா.

ஓலையை அள்ளி ஓரமாகப் போட்டுவிட்டுப் பாயைப் பிரித்துப் பரப்பினேன். நாற்றம் தாங்கவில்லை. ஆனால் அவள் சொன்னது மெய்தான், ஒரு எறும்பு இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து நாள் போவதற்குள் மிளகாய்ச் செடிகளின் இலை ஓரம் கருகியது. அப்புறம் மொத்தமாகச் சுருண்டது. பாயைத் தூக்கி அடியில் இருந்த மண்ணை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

5

நேராக அவள் வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

“ஒங்க பாயால என் மொளகாச் செடி அம்புட்டும் போச்சு.”

“எனுக்கு இன்னாம்மே தெரியும்? நான் மீனப் பாத்தவ. செடியப் பாத்தவளா? உன் ஓல மட்டும் யோக்கியமா?”

“ஒங்க வீட்ல உப்பு, எங்க வீட்ல சர்க்கரை. ரெண்டுக்கும் நடுவுல என் செடிதான் சாகுது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு மிளகாய்ச் செடிக்காக இப்படி அழுவார்களா என்று கேட்டாள். அப்போதுதான் முழுக்கதையையும் சொன்னேன். ஆனியில் கூட்டிப் போய்விடுவார்கள், அப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அவரைப் பார்ப்பேன், செடி நின்றால்தான் நான் நிற்க முடியும் என்று சொன்னேன்.



“எங்காளு கடலுக்குப் போனா கரைக்கு வர்ற வரைக்கும் எனுக்குச் சோறு எறங்காது. உன் ஆளு தோ, ராயபுரத்துல கல்லாவுல குந்தினு கீறாரு. அவர வுட்டுட்டு நீ அம்மாந்தொலவு போறியா? இன்னா வயக்கம் இது, பேஜாரு புடிச்ச வயக்கம்” என்றாள்.

சாயங்காலம் அவளே வந்தாள். ஓரமாகக் கிடந்த ஓலையை எல்லாம் தொட்டியில் போட்டு ஊற வைத்தோம். ஊற்றுத் தண்ணீர்தான், வேறு வழியில்லை. தண்ணீர் கருப்பாக இறங்கியது. அவர் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, “இதுல காப்பித் தூளப் போட்டா கருப்பட்டி மிச்சம்ளா” என்றார். நான் பதில் சொல்லாமல் அந்தத் தண்ணீரைத் தெருக்கோடியில் கொண்டுபோய்க் கொட்டினேன். வாசனை போகும் வரைக்கும் மாற்றி மாற்றி ஊற வைத்தேன். கடைசியில் ஓலையை நாக்கால் தொட்டுப் பார்த்துத்தான் பரப்பினேன். உப்புப் பிடித்த மேல்மண்ணையும் வழித்து எறிந்துவிட்டு, மிச்சம் இருந்த நாற்றை நட்டேன்.

அப்புறம் கடல் காற்று. கழுவிக் காய்ந்த ஓலை இலேசாகிவிட்டது, ஒரே வீச்சில் வேலியோரம் போய் ஒதுங்கிக்கொண்டது. கன்னியம்மா வீட்டிலிருந்து கிழிந்த வலை ஒன்றைக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்னாலேயே, “நல்ல தண்ணில அலசிட்டேம்மே, நக்கிப் பாரு” என்றாள். ஓலையின் மேல் வலையை விரித்து ஓரத்தில் முளை அடித்தோம்.

“ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. வல மேல கால் வெக்காத. செருப்போட கிட்டயே போவாத. கியிஞ்சாலும் அது எங்களுக்குச் சோறு போட்ட வல.”

அன்றிலிருந்து நானும் சரி, அவரும் சரி, செடிப் பக்கம் போகும்போது செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவோம். அக்னி நட்சத்திரம் வந்தது, போனது. செடி நின்றது.

ஆனியில் பெரியத்தான் வந்தார், அவருடைய அண்ணன். நல்ல மனுஷர், ஆனால் எதிரில் நின்று பேச எல்லாருக்கும் பயம். மறுநாள் சாயங்கால ரயிலுக்கு எனக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்தாகிவிட்டது. நானே பேசுகிறேன் என்று சொன்னவர் அண்ணன் முன்னால் வாயே திறக்கவில்லை. என் தகரப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். மத்தியானம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் வெண்டைக்காய்ப் பொரியலும் வைத்துப் பரிமாறினேன்.

“பிஞ்சா இருக்கே. எங்க வாங்குன?” என்று தம்பியைக் கேட்டார் பெரியத்தான்.

“வாங்கல அண்ணே. புறவாசல்ல காச்சது.”

கை கழுவிவிட்டு உச்சி வெயிலில் எழுந்து பின்னால் போனார். நான் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். தற்செயலாக அல்ல என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

“பெரியவரே, செருப்பக் கயட்டிட்டுப் போ. அது வல.”

அவரை அதுவரை யாரும் அப்படி அதட்டியதில்லை. என்ன நினைத்தாரோ, கழற்றிவிட்டார். மணல் கொதித்தது. ஒரு காலை வைத்து ஒரு காலை எடுத்தபடி செடி அருகில் போனார். வலையை மிதிக்க முடியாது. அப்படியே குந்தி உட்கார்ந்து, வலைக் கண்ணுக்குள் விரலை விட்டு, ஓலையை விலக்கி, கையை அடியில் நுழைத்தார். எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார், விரல் எல்லாம் ஈர மணல். ஓலையைப் புரட்டிப் பார்த்தார்.

“இது நம்ம சிப்ப ஓலைல்லா?”

“ஆமா அத்தான்.”

“எறும்பு வரலியா?” கருப்பட்டிக் கடைக்காரர் அல்லவா, அவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

“வந்துச்சு. ஊற வச்சுக் கழுவிட்டுப் போட்டேன்.”

அவர் எழுந்து உள்ளே வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டார். அப்புறம் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

“இவளக் கூட்டிட்டுப் போயிட்டா இதுக்கு யாருல தண்ணி ஊத்துவா? நீயா?”



“பெட்டிய உள்ள வைளா” என்றார் பெரியத்தான் என்னிடம்.

வழக்கம் தப்பு என்று அவர் சொல்லவில்லை. கடைசிவரை சொன்னதும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியை நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன். மலர் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அப்பா சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவாள், எந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒளிந்ததில்லை.

6

கரும்புத் தோகையில் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு தட்டில் வைத்து, சுவரோரம் எறும்புப் புற்றுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். எட்டிப் பார்த்த எறும்புகள் திரும்பிப் போய்விட்டன. அது கரும்பு அல்ல, கரும்பின் காய்ந்த இலை மட்டும்தான். வாசனை இருந்தது, சர்க்கரை இல்லை. கடைக்காரப் பையன் சிரித்ததில் தப்பில்லை. ஆனாலும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. கவி அதைப் பார்த்துவிட்டு மலரிடம் ஓடினாள். “அம்மாச்சி புல் சாப்பிடுது” என்று சத்தம் கேட்டது.

மலர் பதறிக்கொண்டு வந்தாள். வேறு வழியில்லாமல் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. பரப்பிக்கொண்டே சொன்னேன். கருப்பட்டி ஓலை, கருவாட்டுப் பாய், கன்னியம்மா, பெரியத்தான், வாசலில் வைத்த பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பாவின் சைக்கிள் மணி அவளுக்கு ஞாபகம் இருந்தது. மற்றது எதுவும் தெரியாது. நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் கையில் ஒரு அள்ளு எடுத்தாள்.

“நீ என்னம்மா நினைக்கற? அவர் மட்டும் போறதப் பத்தி” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. மாப்பிள்ள போற ஊர்ல மண்ணு எப்படியாம்?”

அவள் என்னைப் பார்த்தாள். சமையலறைக் கதவில் சரவணன் போனோடு நின்றுகொண்டிருந்தார், அங்கே அறை பார்த்துக்கொண்டிருந்தார் போல. அவரிடமே கேட்டேன்.

“வெறும் மணல்தான் அத்தை. கடலோரம். செடி கிடி ஒண்ணும் சரியா வராதுன்னு சொல்றாங்க.”

“மணல்தானே” என்றேன்.

கவி சருகை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். மலர் ஒரு வெண்டைச் செடியின் காலடியை மூடி, கையால் தட்டி அமர்த்தினாள். தலையை நிமிர்த்தாமலே சரவணனிடம் சொன்னாள்.

“ஒத்த ரூம் பாக்காதீங்க. வீடாவே பாருங்க. பின்பக்கம் கொஞ்சம் எடம் இருக்கான்னு கேளுங்க.”